ஆல்டர்நேட்டர் சத்தம் போடுகிறது: சரி பார்ப்பதா, மாற்றுவதா?

கேள்வி: இன்ஜின் ஓடும்போது, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்நேட்டர் பக்கம் ஓயாத இரைச்சல். புதிதாகப் போடச் சொல்கிறார் மெக்கானிக். போடலாமா சார்?

பதில்: எந்தப் பாகம் கத்துகிறது என்று சொன்னாரா? அது தெரியாமல் எதையும் வாங்காதீர்கள். அந்தப் பக்கத்துச் சத்தம் பல நேரம் ஆல்டர்நேட்டருடையதே அல்ல. முதல் ஸ்டார்ட்டில் கீச்சென்று கத்திவிட்டுக் கொஞ்ச நேரத்தில் அடங்கினால் பெல்ட் அல்லது அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர். இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் கரகரப்பு என்றால் பேரிங். ஹெட்லைட், ஏசி புளோயர் எல்லாம் போட்டதும் கூடி, அணைத்ததும் குறையும் ஊளை என்றால் மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடு அல்லது மின்சாரம் உருவாகும் ஸ்டேட்டர் காயில்.

இன்ஜினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, ஆல்டர்நேட்டர் புல்லியை (பெல்ட் ஓடும் சக்கரம்) கையால் சுற்றுங்கள். மணல் அரைபடுவதுபோல் கையில் தட்டுப்பட்டாலோ, மேலும் கீழும் ஆட்டம் இருந்தாலோ பேரிங்தான். அப்படியே பெல்ட்டுக்கு வழிகாட்டும் ஐட்லர், டென்ஷனர், வாட்டர் பம்ப் புல்லிகளையும் சுற்றிப் பாருங்கள். ஐட்லர் பேரிங் போனதற்கு ஆல்டர்நேட்டரை மாற்றிய வண்டிகள் நிறைய.

கேள்வி: பேரிங் மட்டும் மாற்றினால் நிற்குமா?

பதில்: நிற்கும், ஒழுங்காகப் போட்டால். இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும்போது ஆல்டர்நேட்டருக்குள் சுழலும் ரோட்டர் 6,000 முதல் 9,000 வரை சுற்றுகிறது. கைக்குக் கிடைத்த பேரிங் இந்த வேகத்தைத் தாங்காது. பழைய பேரிங்கின் எண்ணை முழுதாகப் பாருங்கள். 6303 என்றால் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 47, அகலம் 14 மில்லிமீட்டர். கூடவே வரும் எழுத்தையும் விடாதீர்கள்: 2ஆர்எஸ் என்றால் இருபுறமும் ரப்பர் சீல், சி3 என்றால் உள்ளே இடைவெளி சற்று அதிகம், சூட்டுக்கு அது வேண்டும். முன் பேரிங், பின் பேரிங் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

ஷாஃப்ட்டில் ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும் அழுத்த வேண்டும். வெளிவளையத்தில் சுத்தியலால் தட்டினால் விசை முழுக்கக் குண்டுகள் வழியாகப் போய் ஓடுதடத்தில் பள்ளம் விழும். புது பேரிங்கே சீக்கிரம் இரையும்.

பிரித்த கையோடு ரோட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ்ஷின் நீளம், அது உரசும் ஸ்லிப் ரிங்கில் விழுந்த பள்ளம், காயிலில் கருகல் மூன்றையும் பாருங்கள். காயில் கருகியிருந்தாலோ, பேரிங் உட்காரும் குழி தேய்ந்து வெளிவளையமே அதற்குள் சுற்றியிருந்தாலோ, யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: வண்டி ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றினால் ஆல்டர்நேட்டர் நல்லதா என்று தெரியுமாமே?

பதில்: கழற்றாதீர்கள். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது பேட்டரி விலகினால் வோல்டேஜ் ஒரு கணம் 12 வோல்ட் வண்டியிலேயே 100 வோல்ட் வரை எகிறலாம். வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், டையோடு, வண்டியின் கம்ப்யூட்டரான இசியு எது வேண்டுமானாலும் போகும். மல்டிமீட்டர் போதும்: இன்ஜின் நின்றிருக்கும்போது 12.6, ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5. இசியு கட்டுப்படுத்தும் புது வண்டிகளில் இது ஏறி இறங்கும். மீட்டரை ஏசி (மாறுதிசை மின்சாரம்) வோல்ட் அளவுக்கு மாற்றிப் பாருங்கள், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டையோடைச் சந்தேகப்படலாம்.

கேள்வி: டீசல் வண்டி. இன்ஜினை அணைக்கும்போது மட்டும் கடகடவென்கிறது.

பதில்: ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் ஓவர்ரன்னிங் புல்லியாக இருக்கலாம். ரோட்டரைப் பிடித்துக்கொண்டு புல்லியைச் சுற்றினால் ஒரு திசையில் வழுக்க வேண்டும், மறு திசையில் பிடிக்க வேண்டும். இரு பக்கமும் வழுக்கினாலும், இரு பக்கமும் பிடித்தாலும் புல்லியை மட்டும் மாற்றுங்கள். சாதாரண புல்லி போட்டுவிடாதீர்கள், பெல்ட்டும் டென்ஷனரும் அடிவாங்கும்.

கேள்வி: நான் டாக்ஸி ஓட்டுகிறேன். பேரிங் மட்டும் மாற்றினால் போதும் என்று நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்ள மாட்டேன் சார். கழற்றிப் பூட்டும் கூலி எப்படியும் ஒன்றுதான். பேரிங் போட்டு ஆறு மாதத்தில் ரெகுலேட்டர் போனால் திரும்ப அதே கூலி, வண்டியும் ஒரு நாள் நிற்கும்.

பதில்: உங்கள் தொழிலுக்கு இந்தக் கணக்கு சரி. பம்பர், ரேடியேட்டர் எல்லாம் இறக்கினால்தான் கைக்கு எட்டும் வண்டி, ஓட்டமும் அதிகம் என்றால் முழுதாக மாற்றுவதையே நானும் சொல்வேன். ஆனால் மேலேயே இரண்டு மூன்று போல்ட்டில் இருக்கும் வண்டிக்கு அதைச் சொல்ல மாட்டேன்.

கேள்வி (அவரே): ரீகண்டிஷன் செய்தது வாங்கினால்?

பதில்: 'ரீகண்டிஷன்' என்று சொல்லி வெறும் பெயின்ட் அடித்துக் கொடுப்பவர்களும் உண்டு. எதை எதை மாற்றினார்கள் என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தராவிட்டால், உங்கள் வண்டியோடு கம்பெனியிலிருந்து வந்த ஆல்டர்நேட்டருக்கே பேரிங், பிரஷ், ரெகுலேட்டர் மூன்றும் புதிதாகப் போடுங்கள். தெரியாத காயிலைவிடத் தெரிந்த காயில் மேல். நீங்கள் பயப்படும் ரெகுலேட்டரும் இதிலேயே முடிந்துவிடுகிறது.

கேள்வி: பெல்ட்டில் ஸ்பிரே அடித்தால் சத்தம் நிற்குமா?

பதில்: கொஞ்ச நேரம். காரணம் அப்படியே இருக்கும்.

கேள்வி: என் வண்டியிலும் இரைச்சல், மாற்றவா?

பதில்: முதல் பதில். பெல்ட்டைக் கழற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: டொயோட்டா பிரியஸ்ஸில்?

பதில்: அதில் ஆல்டர்நேட்டரே இல்லை. ஹைபிரிட் தெரிந்தவரிடம் போங்கள். ஆரஞ்சு நிற வயர்களைத் தொடாதீர்கள்.

கேள்வி: டெர்மினலைக் கழற்றிப் பார்த்தேன், வண்டி ஓடியது. அப்படியானால் நல்லதுதானே?

பதில்: இல்லை. ஒரு டையோடு போயிருந்தாலும் ஓடும். தயவுசெய்து மறுபடி செய்யாதீர்கள்.

கேள்வி: புதிது பூட்டியாயிற்று. பேட்டரி சுத்தமாக இறங்கிக் கிடக்கிறது. தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா?

பதில்: வேண்டாம். செத்த பேட்டரியை ஏற்ற ஆல்டர்நேட்டர் முழுத் திறனில் நெடுநேரம் ஓடிச் சூடேறும். சார்ஜரில் போட்டு ஏற்றிய பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்.