வெற்று அட்டவணை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எங்கள் அலுவலக மென்பொருளில், வலைப்பக்க அட்டவணைகளுக்கான டேட்டாடேபிள்ஸ் 1.10 என்ற நிரல் தொகுப்பைப் பயன்படுத்துகிறோம். பதிவே இல்லாத நேரத்தில் ‘தகவல் இல்லை’ என்று கால்ஸ்பேன் போட்டு, எல்லாக் கட்டங்களையும் ஒன்றாகச் சேர்த்த ஒரு வரியை டிபாடிக்குள் (அட்டவணையில் வரிகள் இருக்கும் பகுதி) நானே எழுதி வைத்தேன். பிரவுசரின் கன்சோலில் பிழை வந்து அட்டவணையே நின்றுவிட்டது. அந்த வரியை எடுத்துவிட்டால் போதுமா?

ர., கோவை

அன்புள்ள ர.,

முதலில் அதை எடுத்துவிடுங்கள். தலைப்பில் எத்தனை கட்டமோ, ஒவ்வொரு வரியிலும் அத்தனை கட்டத்தை டேட்டாடேபிள்ஸ் எதிர்பார்க்கிறது. டிபாடியைக் காலியாக விட்டால் செய்தியை அதுவே காட்டும்.

ஆனால் என்ன செய்தி என்பதுதான் முக்கியம். அது காட்டும் சொற்களை மாற்றுவதற்கான மொழி அமைப்பில் எம்ப்டிடேபிள், ஸீரோரெக்கார்ட்ஸ் என்று இரண்டு செய்திகள் இருக்கின்றன. முதலாவது, பதிவே இல்லாதபோது. இரண்டாவது, பதிவு இருந்தும் தேடலுக்கு எதுவும் சிக்காதபோது. பலர் இரண்டிலும் ‘தகவல் இல்லை’ என்றே எழுதிவிடுகிறார்கள். பெயரில் ஓர் எழுத்தைத் தவறாகத் தட்டிய ஊழியர் அதை நம்பி, அதே ஆளை மறுபடி பதிந்துவிடுவார். ‘இந்தத் தேடலுக்கு எதுவும் கிடைக்கவில்லை’ என்று எழுதி, தேடலை நீக்க ஒரு பட்டனும் கொடுங்கள்.

அப்புறம், பதில் வருவதற்கு முன்பே ‘இல்லை’ என்று சொல்வது. திரைகளை உருவாக்க உதவும் ரியாக்டில் இது அடிக்கடி நடக்கும். தொடக்க மதிப்பாக வெற்றுப் பட்டியலைக் கொடுத்து, நீளம் பூஜ்ஜியமா என்று மட்டும் பார்த்தால், சர்வர் பதில் சொல்லும்வரை திரையில் பொய்தான் நிற்கும். ஏற்றிக்கொண்டிருக்கிறோமா என்பதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு உண்மையாகவே கோபம் வருவது இன்னொன்றில். சர்வருக்கு அனுப்பிய கோரிக்கை தோற்றால், பிழையைப் பிடிக்கும் கேட்ச் பகுதியில் வெற்றுப் பட்டியலைத் திருப்பி அனுப்புகிறார்களே, அதில். சர்வர் விழுந்து கிடக்கும்போது ‘நிலுவை எதுவும் இல்லை’ என்று காட்டினால், பார்ப்பவர் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார். பிழையைப் பிழை என்றே சொல்லுங்கள், மறுபடி முயல வழி வையுங்கள்.

நீங்கள் சர்வர் பக்கத்திலேயே தேடுகிறீர்கள் என்றால், சர்வர் பதிலில் அனுப்பும் ரெக்கார்ட்ஸ்டோட்டல் என்ற எண்ணையும் கவனியுங்கள். வடிகட்டுவதற்கு முந்தைய மொத்த எண்ணிக்கை அதில் வர வேண்டும். வடிகட்டிய எண்ணிக்கைக்கு ரெக்கார்ட்ஸ்ஃபில்டர்ட் என்று தனியாக ஒன்று இருக்கிறது. வடிகட்டிய எண்ணிக்கையையே இரண்டிலும் அனுப்பினால், தேடல் தோற்றாலும் பதிவே இல்லை என்ற செய்திதான் வரும். ரெக்கார்ட்ஸ்டோட்டல் பூஜ்ஜியமா என்று பார்த்துத்தான் டேட்டாடேபிள்ஸ் எந்தச் செய்தி என்று முடிவு செய்கிறது.