வாசகர் கேள்வி – பதில்: கப்பலில் வந்தவர்களும் அவர்கள் எழுதிய கணக்கும்

கேள்வி (சாவகச்சேரி, உயர்தர மாணவி): கொலம்பஸ் போன தீவுகளில் இருந்த தாயினோ மக்கள் பெரியம்மையால் அழிந்துபோனார்கள் என்று என் குறிப்பில் இருக்கிறது. இது சரியா?

பதில்: காலவரிசையை எழுதிப் பார்த்தாலே இது நிற்காது, பிள்ளை. கொலம்பஸ் பஹாமாஸ் தீவுகளில் இறங்கியது 1492 ஒக்டோபர் 12. எஸ்பானியோலாத் தீவில் (இன்றைய ஹெயிட்டியும் டொமினிக்கன் குடியரசும்) பெரியம்மை பரவியது 1518 டிசெம்பரில். இடையில் 26 ஆண்டுகள். 1514இல் ஸ்பானிய அதிகாரிகள் வேலைக்கு ஆள் பங்கிடுவதற்காகத் தாயினோ மக்களை எண்ணினார்கள். அப்போதே எஞ்சியிருந்தவர்கள் ஏறத்தாழ 26,000 பேர்தான். 1492இல் அவர்கள் எத்தனை பேர் என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. ஆனால் எந்த மதிப்பீட்டை எடுத்தாலும், பெரும்பகுதி மக்கள் பெரியம்மை வருமுன்பே இல்லாமற் போய்விட்டார்கள். வேறு தொற்றுகள் முன்பே வந்தன என்பது உண்மை. ஆனால் அந்தத் தொற்றுகள் எந்த நிலையில் இருந்த மக்களிடம் வந்தன என்பதைப் பார்க்க வேண்டும்.

1493இல் கொலம்பஸ் திரும்பி வந்தது 17 கப்பல்களோடு. ஏறத்தாழ 1,200 பேர் வந்தார்கள், தங்கம் வேண்டி. 1495 அளவில் ஒரு வரி விதிக்கப்பட்டது. பொன் விளையும் பகுதிகளில் 14 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வல்லூறின் காலில் கட்டும் சிறு மணி ஒன்று நிறையப் பொற்றூள் கொண்டுவர வேண்டும். பொன் இல்லாத இடத்தார் 25 இறாத்தல் பஞ்சு கொடுக்க வேண்டும். கொடுத்தவருக்குக் கழுத்தில் தொங்கவிட ஓர் உலோக வில்லை கிடைக்கும். வில்லை இல்லாமல் பிடிபட்டவருக்குத் தண்டனை. அந்தத் தீவில் பொன் ஆற்று மணலில் தூளாகத்தான் கிடந்தது. அரித்து அரித்து எடுத்தாலும் அந்த அளவு சேராது. அதே ஆண்டில் 500க்கும் மேற்பட்டோரை அடிமைகளாக ஸ்பெயினுக்குக் கப்பலேற்றினார்கள். ஏறத்தாழ 200 பேர் கடலிலேயே இறந்தார்கள்.

இனிச் சாப்பாட்டைப் பாருங்கள். அவர்களின் முதன்மை உணவு மரவள்ளி. மண்ணைக் குவித்து மேடாக்கி நட்டால் கிழங்கு முற்ற ஓராண்டு அளவில் செல்லும். ஆண்களை ஆறு முதல் எட்டு மாதம் சுரங்கத்தில் நிறுத்தினால் அந்த ஆண்டு நடுகை தவறும். பலன் உடனே தெரியாது, அடுத்த ஆண்டுதான் பசி வரும். பலர் தோட்டத்தைக் கைவிட்டு மலைக்கு ஓடினார்கள். பசித்த உடலில் நோய் வந்தால், வீட்டில் தண்ணீர் எடுத்துக் கொடுக்கக்கூட ஆளில்லை. பெரியம்மை, ஆதரவு உள்ள இடத்தில் கொல்வதைவிட இப்படிப்பட்ட இடத்தில் பன்மடங்கு கொல்லும். "நோய்தான் காரணம்" என்று மட்டும் எழுதினால் வரி கேட்டவன் விடைத்தாளில் இருந்து தப்பிவிடுகிறான்.

இன்னொரு திருத்தம்: தாயினோ வழித்தோன்றல்கள் புவேர்ட்டோ ரிக்கோ, கியூபா, டொமினிக்கன் குடியரசு ஆகிய இடங்களில் இன்றும் இருக்கிறார்கள். "முற்றாக அழிந்தனர்" என்று எழுத வேண்டாம்.

கேள்வி (காரைநகர்): அப்படியென்றால் போர்த்துக்கேயர் வந்தபோது யாழ்ப்பாணத்தில் ஏன் அவ்வாறு மக்கள் சாகவில்லை?

பதில்: பெரியம்மை நமக்குப் புதிதல்ல. தென்னாசியாவில் அது நெடுங்காலம் இருந்தது. சிறுவயதில் வந்து தப்பியவருக்குத் திரும்ப வராது. ஆகவே எந்த ஊரிலும் நோயாளியைப் பார்க்கக்கூடிய பெரியவர்கள் இருந்தார்கள். ஆளை வேறாக்கி, வேப்பிலை கட்டி, அம்மன் பெயரால் வீட்டுக்குள் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் ஒழுங்கும் இருந்தது. அமெரிக்காவில் ஒரே கிழமையில் வீட்டில் அனைவரும் படுக்கையில் விழுந்தார்கள்.

அதோடு, இங்கே வந்தவர்கள் எண்ணிக்கையில் சிலர். அவர்களுக்கு வேண்டியவை யானை, சாயவேர், முத்து, சங்கு, காணி வரி. பயிர் செய்கிறவன் உயிரோடு இருந்தால்தான் வரி. நம்மவர்கள் பட்ட பாடு வேறு வகை; அது கீழே தோம்பு பற்றிய பதிலில் வருகிறது.

கேள்வி (பருத்தித்துறை): 168 பேரோடு போய் ஒரு பேரரசைப் பிடிக்க முடியுமா? துப்பாக்கியும் குதிரையும் அவ்வளவு பெரிய ஆயுதமா?

பதில்: ஸ்பானியப் படைத்தலைவன் பிசாரோ 1532 நவம்பர் 16இல் கஹமார்க்காவில் இன்கா மன்னன் அத்தவால்பாவைப் பிடித்தபோது அவனிடம் இருந்தவர்கள் 168 பேர்தான். ஆனால் அத்தவால்பா தன் சகோதரன் உவாஸ்காரோடு போரிட்டு வென்று சிறிது காலமே ஆகியிருந்தது. தோற்ற பக்கத்தார் வந்தவர்களை விடுவிப்போராகப் பார்த்தார்கள். 1521 ஓகஸ்ட் 13இல் மெக்சிக்கோவில் அஸ்தெக் தலைநகரான தெனோச்தித்லான் விழுந்ததும் ஸ்பானியரால் மட்டும் அல்ல. அஸ்தெக்கருக்குப் பகையான திலாஸ்காலா வீரர்கள் பல்லாயிரக்கணக்கில் ஸ்பானியத் தளபதி கோர்த்தேஸின் பக்கம் நின்றார்கள். இடையில் 1520இல் பெரியம்மை புகுந்து, அரசுக்கு வந்து 80 நாள் அளவே ஆன அஸ்தெக் மன்னன் குயித்லாவாக்கைக் கொண்டுபோனது.

யாழ்ப்பாணத்திலும் இதே வழிதான். 1560 படையெடுப்பில் போர்த்துக்கேயர் நல்லூரைப் பிடித்தும் நிலைக்க முடியவில்லை. மன்னாரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 1591இல் அந்திரே ஃபுர்த்தாடோ வந்து அரசனைக் கொன்று, எதிர்மன்னசிங்கனைத் தம் ஆளாக அமர்த்தினான். எதிர்மன்னசிங்கன் இறந்தபின் எழுந்த வாரிசுப் பிணக்கில் சங்கிலி குமாரன் ஆட்சியைக் கைப்பற்றியது அவர்களுக்கு வாய்ப்பாகியது. 1619இல் பிலிப் த ஒலிவேறா வந்தான். சங்கிலியைக் கோவாவுக்குக் கொண்டுசென்று கொன்றார்கள். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது.

கேள்வி (நல்லூர்): தோம்பு என்றால் என்ன? வெறும் காணிப் பதிவேடுதானே, அதில் என்ன கொடுமை?

பதில்: பதிவேடுதான். காணியின் பெயர், உடையவர், பரப்பு, மரங்கள், கட்ட வேண்டிய வரி எல்லாம் ஊர் ஊராக எழுதப்பட்டன. 1645 அளவில் போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்துக்குச் செய்த தோம்பு உண்டு. 1658 ஜூனில் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர் அதை இன்னும் நுணுக்கமாக்கினார்கள். காணித் தோம்பு ஒன்று, ஆட்களை எழுதும் தலைத் தோம்பு ஒன்று, பள்ளிக்கூடங்களில் ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் எழுதும் பள்ளித் தோம்பு ஒன்று. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அதன் பிடி விளங்கும்.

தலைத் தோம்பில் பெயர் ஏறினால் தலைவரி. குறிப்பிட்ட சாதியினருக்கு அதற்குமேல் ஊழியம், அதாவது ஆண்டுக்கு 12 நாள் கூலியில்லா வேலை. 12 நாள் குறைவு என்று நினைக்கத் தோன்றும். அழைப்பு வருவது அரசின் வசதிக்கு; விதைப்புக் காலமா, அறுவடையா என்று பார்ப்பதில்லை. வராதவர் பணம் கட்ட வேண்டும். பணம் இல்லாதவர் கடன்பட வேண்டும். பள்ளித் தோம்பில் திருமணம் பதியாவிட்டால் பிள்ளைகளின் முதுசொம் கேள்விக்குள்ளாகும். அதனால்தான் காணி உள்ள குடும்பங்கள் கோயிலை மனத்தில் வைத்துக்கொண்டு தேவாலயத்தில் பெயர் எழுதின. அவர்களைக் கோழைகள் என்று இன்று பேசுவது நியாயமல்ல.

இதே முறையைப் பெருவில் பாருங்கள். பொத்தோசி (இன்றைய பொலிவியாவில்) வெள்ளிச் சுரங்கத்துக்கு 1573 முதல், அதற்கெனக் குறிக்கப்பட்ட மாகாணங்களின் ஒவ்வோர் ஊரும் தன் வளர்ந்த ஆண்களில் ஏழில் ஒரு பங்கை ஆண்டுதோறும் அனுப்ப வேண்டும். எண்ணிக்கை ஏட்டில் எழுதியபடியே நின்றது. ஆட்கள் இறந்தார்கள், ஓடினார்கள், ஏடு குறையவில்லை. எஞ்சியவர்களின் முறை அடிக்கடி வந்தது, அதனால் இன்னும் பலர் ஓடினார்கள். நம்மிடமும் ஓட்டம் இருந்தது. அதிகாரிக்குப் பசு கொடுக்க மனமில்லாமல் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி ஞானப்பிரகாசர் இரவோடிரவாகச் சிதம்பரம் போனார் என்ற மரபுக்கதை அந்தக் காலத்தின் அச்சத்தைச் சொல்கிறது.

நமக்கு நாமே மறைக்கக்கூடாத ஒன்றும் உண்டு. 1706–1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமையைத் தொகுத்தபோது, சரிபார்த்தவர்கள் 12 முதலியார்கள். கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் ஆகியோர் அதில் அடிமைகளாக எழுதப்பட்டார்கள். ஊருக்கு ஊர் வேறுபட்டு, காலத்தோடு மாறியிருக்கக்கூடிய ஒரு வழக்கம் நீதிமன்றம் கேட்கும் சட்டமாக இறுகியது. அந்த மக்களின் கருத்தை யாரும் கேட்கவில்லை. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844இல். வந்தவனின் ஏட்டில் உள்ளூர்க்காரன் கையொப்பமும் இருக்கிறது என்பதைப் பாடசாலையில் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கேள்வி (மானிப்பாய்): பழைய உறுதியில் "பரப்பு வரகு", "பரப்பு நெல்" என்று வருகிறது. இரண்டும் ஒன்றா?

பதில்: இல்லை. விதைப்பளவை வைத்துக் காணியை அளந்த பழைய முறை அது. வரகு விதைப்பில் 16 பரப்பு ஓர் ஏக்கர். ஒரு பரப்பு 18 குழி, 10 பேர்ச். நெல் விதைப்பில் 24 பரப்பு ஓர் ஏக்கர். ஒரு பரப்பு 12 குழி, ஏறத்தாழ 6.67 பேர்ச். வயற் காணியின் உறுதியை எடுத்து 10ஆல் பெருக்கினால் உள்ளதைவிட ஒன்றரை மடங்கு காணி வரும். பங்கு பிரிக்கும் வீடுகளில் சண்டை தொடங்குவது பல தடவை இந்தக் கணக்கில்தான். முதலில் உறுதியில் எந்த விதைப்பு என்று பாருங்கள், பிறகு குழியைக் கூட்டுங்கள், கடைசியில் நில அளவையாளரின் வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். மாறுபட்டால் காணிப் பதிவகத்தில் முந்திய உறுதிகளின் பிரதியை எடுத்துப் பின்னோக்கிப் பாருங்கள்.

கேள்வி (வவுனியா): இலங்கையின் வேடர்களுக்கு என்ன நடந்தது? அவர்கள் காட்டுக்குள் இருந்ததால் தப்பினார்களா?

பதில்: போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அவர்களின் காட்டை அவ்வளவாகத் தொடவில்லை. அடி விழுந்தது பிரித்தானியர் காலத்தில், சண்டை இல்லாமல். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடாத நிலமும் மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியவை என்றது. சேனை நிலத்துக்கு (காட்டை வெட்டி எரித்துப் பயிரிடும் நிலம்) வந்தபோது, தோம்பு வைக்கப்பட்டிராத கண்டிப் பகுதிகளைத் தனியே பிரித்தது. அங்கே உள்ளவர் அரசு கொடுத்த சன்னஸ் போன்ற பத்திரத்தையோ வழமையான வரி கட்டியதையோ காட்டினால்தான் நிலம் அவருடையது. வேடர்களின் பிந்தன்னைக் காடு அந்தப் பகுதியில்தான். வேட்டையாடி, தேன் எடுத்து, சில ஆண்டுக்கு ஒருமுறை சேனை வெட்டி வாழ்ந்தவர்களிடம் எந்தப் பத்திரம் இருக்கும்? தோம்பில் ஏறியவன் உழைப்பை இழந்தான், ஏறாதவன் நிலத்தை இழந்தான்.

அவுஸ்திரேலியாவிலும் இப்படித்தான். கப்டன் குக்குக்குக் கொடுத்த இரகசிய அறிவுறுத்தலில், மக்கள் இருந்தால் அவர்களின் சம்மதத்தோடு நிலத்தைக் கைக்கொள்ள வேண்டும் என்றே இருந்தது. 1770 ஓகஸ்ட் 22இல் அவர் யாரிடமும் சம்மதம் கேட்காமல் கிழக்குக் கரை முழுவதையும் தம் மன்னருக்கு உரியதாக்கினார். அந்த நிலம் யாருக்கும் உரியதல்ல என்ற எண்ணத்தை அந்நாட்டு உயர் நீதிமன்றம் நிராகரித்தது 1992 ஜூன் 3இல், மேர் தீவைச் சேர்ந்த எடி மாபோ முதலானோர் தொடுத்த வழக்கில். தீர்ப்பு வருவதற்குச் சில மாதம் முன்பே மாபோ இறந்துவிட்டார்.

நம் வேடர்களோ 1983இல் மாதுறு ஓயாத் தேசிய பூங்கா அறிவிக்கப்பட்டபோது வேட்டைக் காட்டை மறுபடி இழந்தார்கள். வாகரைப் பக்கத்தில் தமிழ் பேசும் கரையோர வேடர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித் தமிழில் நாம் எழுதியது மிகக் குறைவு.

கேள்வி (கொக்குவில்): மரவள்ளி நம்முடையது இல்லையா? அதில் நஞ்சு உண்டென்பது உண்மையா?

பதில்: மரவள்ளி, மிளகாய், புகையிலை மூன்றும் அமெரிக்கப் பழங்குடியினர் வளர்த்தெடுத்த பயிர்கள். மரவள்ளியை 1786 அளவில் மொரீஷியஸில் இருந்து ஒல்லாந்தத் தேசாதிபதி வான் டெ கிராஃப் வருவித்தார். கிழங்கைக் கீறினால் சயனைட்டு வெளியாகும். கசப்பு வகையில் அதிகம். தாயினோப் பெண்கள் கல் பதித்த பலகையில் துருவி, நீண்ட பின்னல் பையில் இட்டுப் பிழிந்து, சாற்றை வேறாக்கி, மாவை மண் தட்டில் வாட்டி ரொட்டியாக்கினார்கள். அந்த ரொட்டி பல மாதம் கெடாது. ஸ்பானியர் தம் படையெடுப்புகளுக்குக் கட்டிக்கொண்டு போனது அதைத்தான். இங்கே நாம் சமைக்கும் இனிப்பு வகைக்கு: தோலைத் தடிப்பாக உரியுங்கள், நடு நரம்பை எடுங்கள், நிறையத் தண்ணீரில் மூடாமல் அவித்து, தண்ணீரை ஊற்றிவிடுங்கள். நீலக்கோடு விழுந்த கிழங்கு பழையது, வேண்டாம்.

கேள்வி (உரும்பிராய், ஆசிரியர்): பயணிகளும் பாதிரிமாரும் எழுதியதை வகுப்பில் எப்படிப் பயன்படுத்துவது?

பதில்: எழுதியவர் எங்கே நின்று எழுதினார் என்பதை முதலில் கேட்க வைக்கலாம். கொலம்பஸின் நாட்குறிப்பின் மூலம் தொலைந்துவிட்டது. நம்மிடம் இருப்பது ஸ்பானிய மதகுரு லாஸ் காசாஸ் எடுத்த சுருக்கம். பல்டேயஸ் 1658 முதல் 1665 வரை யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த ஒல்லாந்த மதகுரு. ஊர், குளம், தேவாலயம் பற்றி அவர் எழுதியதை நம்பி எடுக்கலாம். சைவம் பற்றி எழுதியதை மதம் மாற்ற வந்தவரின் பார்வையாக வாசிக்க வேண்டும். இலங்கையில் போர்த்துக்கேயர் ஆட்சியின் வரலாற்றை எழுதிய குவேறோஸ் பாதிரியார் இலங்கைக்கு வந்ததே இல்லை. கோவாவில் இருந்து பிறர் அறிக்கைகளைத் தொகுத்தார்.

நம் பக்கத்து யாழ்ப்பாண வைபவமாலையும் ஒல்லாந்த அதிகாரி கேட்டதற்கு 1736 அளவில் மயில்வாகனப் புலவர் எழுதியது. மன்னாரில் மதம் மாறியோரை 1544இல் கொன்ற முதலாம் சங்கிலியும் 1619இல் பிடிபட்ட சங்கிலி குமாரனும் அதில் ஒருவராகக் கலந்துவிட்டார்கள். 75 ஆண்டு இடைவெளி மறைந்துபோகிறது. மாணவர்களிடம் இரண்டு நிறப் பென்சில் கொடுத்து, எழுதியவர் நேரில் கண்டதை ஒன்றாலும் கேட்டு எழுதியதை மற்றொன்றாலும் கோடிடச் சொல்லுங்கள். ஒரு பக்கம் போதும், 40 நிமிடப் பாடவேளைக்குள் முடியும். எந்த நிறமும் விழாத வரிகளை அடுத்த வகுப்பில் எடுத்துப் பேசுங்கள்.