‘முடியாது’ என்று சொல்ல வராத மகளின் தாய்க்கு

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஞாயிறு பள்ளி வகுப்பு, பாடகர் குழு, வாலிபர் கூட்டத்தின் கணக்கு, கல்லூரி ஜெபக்குழு. இத்தனைக்கும் மேல் தோழிகளின் அசைன்மென்ட்டையும் ராத்திரி உட்கார்ந்து முடித்துக் கொடுக்கிறாள் உங்கள் மகள். யார் எதைக் கேட்டாலும் ‘சரி’. இந்த ஆண்டு மதிப்பெண் இறங்கிவிட்டது. “இப்படியே வேலைக்குப் போனால் எல்லோரும் இவள் தலையில் மிளகாய் அரைப்பார்களே” என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே “ஆனாலும் கிறிஸ்தவப் பிள்ளை முடியாது என்று சொன்னால் சுயநலம் ஆகாதா?” என்றும் கேட்டிருக்கிறீர்கள். முடிச்சு இந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது.

மத்தேயு 21-இல் ஒரு தகப்பனும் இரண்டு குமாரரும் வருகிறார்கள். திராட்சத்தோட்டத்தில் போய் வேலை செய் என்றதும் மூத்தவன் ‘மாட்டேன்’ என்கிறான். பிறகு மனம் மாறிப் போகிறான். இளையவன் ‘போகிறேன் ஐயா’ என்கிறான், போகவில்லை. பிரதான ஆசாரியரையும் மூப்பரையும் பார்த்துச் சொன்ன உவமை அது, மனந்திரும்புதலைப் பற்றியது. ஆனாலும் அந்த ‘ஐயா’வை நான் தாண்டிப் போக முடிவதில்லை. எவ்வளவு மரியாதை! நம் வீடுகளிலும் சபைகளிலும் பாராட்டப்படுகிற பிள்ளை அந்த இளையவன்தான். மூத்தவனை அன்றைக்கே ‘அடங்காதவன்’ என்று முத்திரை குத்தியிருப்போம். சாயங்காலம் தோட்டத்தில் யார் நின்றார்கள் என்று பார்க்கிறவர்கள் குறைவு.

ஆலோசகராவதற்கு முன் சில ஆண்டுகள் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பிரிவில் வேலை பார்த்தேன். அங்கே மேலாளர்களைத் தவிக்கவிட்டது, முகத்துக்கு நேரே ‘இந்த வாரம் முடியாது’ என்ற ஊழியர் அல்ல. அவர் அப்படிச் சொன்னால் வேலையை வேறொருவரிடம் கொடுக்கலாம், தேதியைத் தள்ளலாம். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கடைசி நாளில் கைவிரிக்கிறவரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அவர் சோம்பேறியும் இல்லை, பொய்யரும் இல்லை. யாருடைய முகமும் வாடுவதைப் பார்க்கச் சகிக்காதவர், அவ்வளவுதான். ‘உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்’ என்ற வசனத்தை நாம் பொய்ச் சத்தியத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். முடியாது என்று தெரிந்தே சொல்லுகிற ‘சரி’யும் அதற்குள் வரும் என்பது என் எண்ணம்.

இனி மகளின் பட்டியலைப் பார்ப்போம். அதில் இரண்டு வகை கலந்து கிடக்கிறது.

தோழிக்காக அசைன்மென்ட் எழுதுவது உதவி இல்லை. அவள் எழுதாததை அவள் எழுதியதாகக் காட்டத் துணைபோவது அது. நாளைக்கு இதுவே வேறு உருவில் வரும்: இல்லாத அனுபவத்தை விண்ணப்பத்தில் சேர்க்கச் சொல்வார்கள், பார்க்காத சரக்கைப் பார்த்ததாகக் கையெழுத்துக் கேட்பார்கள். இதற்கெல்லாம் யோசிக்க நேரம் கேட்கவே வேண்டாம். போத்திபார் வீட்டில் எஜமானின் மனைவி தவறான ஆசையோடு வஸ்திரத்தைப் பிடித்து இழுத்தபோது யோசேப்பு விவாதம் பண்ணிக்கொண்டிருக்கவில்லை. வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான். தோழியிடம், “எழுதித் தர மாட்டேன், புரியாததைச் சொல்லித் தருகிறேன், நாளை மாலை வா” என்று சொன்னால் போதும். வருகிறவள் வருவாள்.

கடினமானது அடுத்த வகை. ஞாயிறு பள்ளி நல்லது, பாட்டு நல்லது, ஜெபக்குழு நல்லது. நல்லதை எப்படி மறுப்பது? அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தை அவளோடு உட்கார்ந்து படியுங்கள். அங்கே எழுந்த முறுமுறுப்பு நியாயமானது: கிரேக்கம் பேசிய விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது உணவுப் பங்கீட்டில், கவனிக்கப்படவில்லை. பசி சம்பந்தப்பட்ட விஷயம். அப்படியிருந்தும் அப்போஸ்தலர் பன்னிருவரும், வசனத்தை விட்டுவிட்டுப் பந்தி விசாரிப்பது எங்களுக்குத் தகுதியல்ல என்றார்கள். அதோடு தட்டிக்கழித்துவிட்டுப் போகவில்லை. ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொல்லி அந்த வேலையை ஒப்படைத்தார்கள். அந்த ஏழு பேரில் ஒருவர் பின்னாளில் விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்த ஸ்தேவான், இன்னொருவர் சமாரியாவில் பிரசங்கித்த பிலிப்பு. பன்னிருவரும் தாங்களே இழுத்துப்போட்டுக்கொண்டு செய்திருந்தால் இவர்களுக்கு இடம் எங்கே? உங்கள் மகள் நான்கு பொறுப்புகளில் உட்கார்ந்திருக்கிற வரை, பின்வரிசையில் கூச்சத்தோடு நிற்கிற மூன்று பிள்ளைகளை யாரும் கூப்பிடப்போவதில்லை. இதைச் சொன்னால் அவளுடைய குற்ற உணர்வு கொஞ்சம் இறங்கும்.

எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதை நான் சொல்ல மாட்டேன். ஒரு தாளில் வாரத்தின் மணிநேரங்களை எழுதச் சொல்லுங்கள். தூக்கம், வகுப்பு, படிப்பு முதலில், மிச்சத்தில் மற்றவை. கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று லூக்கா 14-இல் ஆண்டவர் கேட்பது பணக் கணக்குக்கு மட்டுமா? படிப்பை ‘உலகக் காரியம்’ என்று ஒதுக்கி, சபை வேலையை மட்டும் ஊழியம் என்று எண்ணுகிற பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். படிக்கிற காலத்தில் படிப்பும் அவளுடைய அழைப்புதான்.

சொல்லும் விதத்துக்கு எனக்குப் பிடித்த ஆசிரியர் தானியேல். பாபிலோனில் கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் கற்றான்; பெல்தெஷாத்சார் என்ற புதுப் பெயரையும் சூட்டினார்கள், அதற்கும் சண்டை போட்டதாக இல்லை. தன்னைத் தீட்டுப்படுத்தும் என்று ராஜாவின் போஜனத்தை மட்டும் மறுத்து நின்றான். அதையும் உத்தரவாகச் சொல்லாமல் பிரதானிகளின் தலைவனிடம் வேண்டிக்கொண்டான். அந்த மனிதனுக்கோ ராஜாவைப் பற்றிய பயம், தலை போய்விடும். உடனே, பத்துநாள் சோதித்துப் பாரும் என்று தங்களைக் கவனித்துக்கொண்ட விசாரணைக்காரனிடம் ஒரு வழி வைத்தான். மறுக்கிறவன் எதிரே இருப்பவரின் சங்கடத்தையும் சேர்த்து யோசித்தான். இதை அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள்: “இன்றைக்குள் இரண்டு அறிக்கையும் முடியாது. எது முதலில் வேண்டும் என்று சொன்னால் அதை முடித்துத் தருகிறேன், மற்றது நாளை மதியம்.” முகம் கோணாமல், நீட்டி முழக்காமல், இல்லாத காய்ச்சலையும் வராத விருந்தாளியையும் இழுக்காமல். காரணங்களை அடுக்கினால் ஒவ்வொன்றாக உடைப்பார்கள். ஒரே காரணம், அது உண்மையாக இருந்தால் போதும்.

நேரத்தோடு சொல்வதும் முக்கியம். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்காட்லாந்து ஓட்டக்காரர் எரிக் லிடெல் 100 மீட்டர் ஓட்டத்தை விட்டது பலருக்குத் தெரியும். தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை வந்தது, கர்த்தருடைய நாளில் ஓடுவதில்லை என்பது அவருடைய விசுவாசம். அட்டவணை தெரிந்தவுடனே, மாதங்களுக்கு முன்பே அந்த முடிவை எடுத்து, வேறு தூரங்களுக்குப் பயிற்சி செய்தார் என்பதுதான் மாணவர்களுக்கு நான் சொல்வது. 400 மீட்டரில் 47.6 விநாடியில் தங்கம் கிடைத்தது. (அதற்காக, மறுத்தால் தங்கம் கிடைக்கும் என்று பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள். யோசேப்புக்குக் கிடைத்தது சிறைச்சாலை.)

நம்மவர்களுக்கே உரிய ஒரு வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். ‘ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்.’ உண்மையிலேயே ஜெபிக்கப் போகிறவர் சொன்னால் அது நல்ல வார்த்தை. முடிவு ஏற்கெனவே மனதில் இருக்கும்போது சொன்னால், நம் தயக்கத்துக்குக் கர்த்தரைத் திரையாகப் பிடிக்கிறோம். கேட்டவரும் மூன்று வாரம் காத்திருந்து ஏமாறுவார். ஜெபிக்க நேரம் கேட்டால் கூடவே நாளையும் சொல்லச் சொல்லுங்கள்: “வியாழக்கிழமை சொல்லிவிடுகிறேன்.” நானும் ஒருமுறை இப்படி இழுத்தடித்து, வாலிபர் முகாம் ஒன்று ஆள் இல்லாமல் தடுமாறியது. அவர்கள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஏற்கெனவே சொல்லிவிட்ட ‘சரி’களை என்ன செய்வது? நாளைக்கே எல்லாவற்றையும் உதறிவிட்டு வீட்டில் உட்காருவது விவேகம் அல்ல. தனக்கு நஷ்டம் வந்தாலும் ஆணையிட்டதில் தவறாதவனைப் பற்றி 15-ஆம் சங்கீதம் பேசுகிறது. பிள்ளைகளின் நிகழ்ச்சி நெருங்கியிருந்தால் அதை முடித்துவிட்டே விலகட்டும். நிஜமாகவே தாங்க முடியாதவற்றுக்கு நீதிமொழிகள் 6 வழி வைத்திருக்கிறது: வாய்மொழியால் சிக்கிக்கொண்டவன் தன்னைத் தாழ்த்தி, போய் வருந்திக் கேட்டு விடுபடட்டும் என்கிறது. போனை எடுக்காமல் ஒளிந்துகொள்வது விடுபடுவது ஆகாது. நேரில் போய், “தெரியாமல் ஒத்துக்கொண்டேன், இந்த மாதக் கடைசிவரை செய்கிறேன், அதற்குள் வேறொருவரைப் பழக்கிவிடுகிறேன்” என்று சொல்லட்டும். நாளைக்கு ஒரு நிறுவனத்திடம் வேலைக்கு ஒப்புக்கொண்ட பிறகு இன்னொன்று கூப்பிட்டாலும் முறை இதுதான்.

இனி உங்களிடம் ஒரு கேள்வி, அம்மா. கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “இந்தப் படிப்பும் நாங்கள் சொன்னதுதான், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.” பெருமையோடு எழுதியதாகத்தான் தெரிகிறது. எனக்கு அங்கேதான் சுருக்கென்றது. கோலியாத்தோடு சண்டைக்குப் புறப்பட்ட தாவீதுக்கு சவுல் ராஜா தன் வெண்கலச் சீராவையும் (தலைக்கவசம்) கவசத்தையும் போட்டுவிட்டது அன்பினால்தான், பையன் செத்துவிடக்கூடாதே என்று. தாவீது அவற்றைப் போட்டு நடந்து பார்த்துவிட்டு, ‘இந்த அப்பியாசம் எனக்கு இல்லை’ என்று கழற்றி வைத்தான். ராஜாவும் அதைக் கேட்டுக்கொண்டார், கட்டாயப்படுத்தவில்லை. உங்கள் மகள் நீங்கள் போட்டுவிட்ட கவசத்தைக் கழற்றுவதாக ஒருநாளாவது சொல்லியிருக்கிறாளா? சொல்ல முடியும் என்று அவளுக்குத் தெரியுமா? அப்பா அம்மாவிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லிப் பழகாத வாய் மேலாளரிடமும் போதகரிடமும் திடீரென்று திறக்காது. படிப்பை மாற்றச் சொல்லவில்லை. அவளுக்கே அது பிடித்தும் இருக்கலாம். கேட்டுப் பார்க்காமல் நமக்குத் தெரியாது.

இந்த வாரம் சின்ன விஷயம் ஒன்றில் அவள் ‘வேண்டாம்மா’ என்று சொல்ல இடம் கொடுங்கள். சொன்னால், ‘ஏன்?’ என்று கேட்காமல் இருந்து பாருங்கள். உங்களுக்கு அது சுலபமாக இருக்காது.

அடுத்த சந்திப்புக்கு அவளையும் கூட்டி வருவதாக எழுதியிருக்கிறீர்கள். வருகிறாயா என்று முதலில் அவளைக் கேளுங்கள். வரவில்லை என்றால், நீங்கள் மட்டும் வாருங்கள்.