இழுத்தால் வலு, சூட்டில் சுருக்கம்: பாலிமர் கேள்வி-பதில்

பாலித்தீன் பையை மெல்ல இழுத்தால் ஓரிடம் ஒடுங்கி, அப்புறம் நூல்போல் விறைத்துவிடுகிறதே, ஏன்?

பாலித்தீன் ஒரு பாலிமர், அதாவது நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளால் ஆன பொருள். சிக்கலாகக் கிடந்த அந்த மூலக்கூறுச் சங்கிலிகள் இழுக்கும் திசைக்குத் திரும்புகின்றன. பழைய படிகங்கள் குலைந்து, அதே திசையில் இழைகளாக மறுபடி அமைகின்றன. அதன்பின் சுமையின் பெரும்பங்கைத் தாங்குவது சங்கிலிக்குள் இருக்கும் கார்பன் பிணைப்புதான். சாதாரண பாலித்தீனின் யங் குணகம், அதாவது விறைப்பின் அளவு, 1 ஜிகாபாஸ்கல் அளவில் இருக்கும். மிக நீண்ட சங்கிலிகள் கொண்ட வகையை ஜெல்லாக்கி, நூலாக நூற்று, நன்றாக இழுத்தால் அது 100ஐத் தாண்டும். ஆனால் குறுக்குவாட்டில் இழுத்துப் பாருங்கள், நார்நாராகப் பிரிந்துவிடும்.

பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலில் கொதிநீர் ஊற்றினால் உடல் சுருங்குகிறது. கழுத்து அவ்வளவாகச் சுருங்குவதில்லையே?

உடல் பகுதியைச் சுமார் 100 டிகிரியில் இரு திசையிலும் இழுத்து ஊதி, உடனே குளிரவைக்கிறார்கள். இழுபட்டு நீண்ட சங்கிலிகள் அப்படியே உறைந்துவிடும். பெட்டின் கண்ணாடி நிலை மாற்றம், அதாவது விறைத்த நிலையிலிருந்து இளகத் தொடங்கும் வெப்பநிலை, 75 டிகிரிக்கு அருகில். அதைத் தாண்டினால் சங்கிலிகள் அசையத் தொடங்கி, பழையபடி சுருளப் பார்க்கின்றன. கழுத்து இழுபடாத பகுதி. அது இளகலாம், அந்த அளவுக்குச் சுருங்காது.

அப்படியானால் சூடாகப் பானம் நிரப்பும் பாட்டில்கள் எப்படித் தாங்குகின்றன?

ஊதிய பாட்டிலைச் சூடான அச்சோடு ஒட்டிப் பிடித்து வைப்பார்கள். சுருங்க இடமில்லை. அதனால் சங்கிலிகளின் திசை பெரிதும் கெடாமல் உள் தகைவு, அதாவது உள்ளே தேங்கிய இழுவிசை, தணிகிறது. நுண்ணிய படிகங்கள் வளர்ந்து அமைப்பைப் பூட்டிவிடுகின்றன. பிடித்துக்கொண்டு சூடாக்குவது வேறு, சும்மா விட்டுச் சூடாக்குவது வேறு. சோதனை முடிவுகள் ஒன்றோடொன்று முரண்படுவதாகத் தோன்றினால் நான் முதலில் கேட்பது இதைத்தான். சில பாட்டில்களின் கழுத்து வெள்ளையாக இருக்கும். அது வேண்டுமென்றே படிகமாக்கிய பெட்.

முப்பரிமாண அச்சில் செய்த பிஎல்ஏ (PLA) பிளாஸ்டிக் பாகத்தைச் சூடேற்றினால் வலு கூடுமா?

வெப்பம் தாங்கும் திறன் கூடும், விறைப்பும் ஓரளவு கூடலாம். அதையே வலு என்று சொல்லிவிட மாட்டேன். 60 டிகிரி வாக்கில் இளகும் பாகம், சூடேற்றிப் படிகமானபின் அதற்கு மேலும் வடிவம் காக்கும். ஆனால் அச்சிட்ட கோடுகளின் திசையில் சுருங்கி, உயரம் சற்றுக் கூடும். துளை, திருகு உள்ள பாகம் என்றால் யோசித்துச் செய்யுங்கள்.

ரப்பர் பேண்டும் சூட்டில் சுருங்குமா?

இழுத்த நிலையில் இருந்தால் சுருங்கும். எடை ஒன்றைத் தொங்கவிட்டுச் சூடான காற்று காட்டினால் எடை மேலே ஏறும். ஆனால் இது உறைந்த சங்கிலி விடுபடும் கதை இல்லை. வெப்பம் ஏற ஏற, சங்கிலிகள் சுருளப் பார்க்கும் விசையே கூடுகிறது. குளிர்ந்ததும் எடை மறுபடி இறங்கிவிடும்.