பரணில் கிடந்த பாட்டு

அன்புள்ள ஐயா,

கனடியப் பாடகர் நீல் யங்கின் ‘ஹோம்க்ரோன்’ ஆல்பத்தை இப்போதுதான் கேட்டேன். 1974–75இல் பதிவானதை 2020இல் வெளியிட்டிருக்கிறார். ரசிகர்களை 45 ஆண்டுகள் காக்க வைத்தது நியாயமா? அந்தப் பாடல்கள் எங்களுக்கும் உரியவை அல்லவா? இப்போது விட்டதும் வியாபாரம்தானோ? அவரைக் கேட்க எங்கிருந்து தொடங்கலாம்?

ம.

அன்புள்ள ம.,

வியாபாரம்தான். இசைத்தட்டை இனாமாகவா கொடுப்பார்கள்? அதை விடுங்கள். ‘எங்களுக்கும் உரியவை’ என்றீர்களே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. நடிகை கேரி ஸ்னாட்கிரஸுடனான உறவு முறிந்த காலத்துப் பாடல்கள் அவை. பாடியவரே அவற்றைக் கேட்கத் தாங்காமல் ஒதுக்கிவைத்தார். இதில் உங்களுக்கு என்னய்யா பாத்தியதை?

நண்பர்களுக்கு ‘ஹோம்க்ரோன்’ ஆல்பத்தை அவர் போட்டுக் காட்டிய இரவில், 1973இல் பதிவாகி முடங்கிக் கிடந்த அவருடைய இன்னொரு ஆல்பம் ‘டுநைட்ஸ் தி நைட்’டும் ஓடியது. போதையில் செத்துப்போன இரண்டு பேருக்கான ஒப்பாரி, குரல் பிசிறடிக்கும். ‘தி பேண்ட்’ குழுவின் ரிக் டாங்கோ அதைத்தான் வெளியிடச் சொன்னார். 1975இல் அதுவே வந்தது.

ஆனால் ‘ஹோம்க்ரோன்’ முழுசாக ஒளிந்திருந்ததா என்ன? அதன் 12 பாடல்களில் 5 ஏற்கெனவே வேறு ஆல்பங்களில் தலைகாட்டியவை. ‘லவ் இஸ் எ ரோஸ்’ 1977இல் ‘டெகேட்’ தொகுப்பில் வந்துவிட்டது. ‘ஒயிட் லைன்’ 1990இல் ‘ராகட் குளோரி’யில் மின்கிதார் இரைச்சலோடு வந்தது. பூட்டி வைத்தாலும் கசியும். எனக்குத் தெரியும்.

அண்ணன் வீட்டைவிட்டுப் போன வருஷத்தைப் பற்றி 60 பக்கம் எழுதினேன். அம்மா இருக்கிறவரை வேண்டாம் என்று பரணில் போட்டேன். அம்மா போன பிறகு எடுத்தால், குண்டூசி துருவேறி முதல் பக்கத்தில் பழுப்பாக ஒரு கோடு. படிக்கப் படிக்கத் திக்கென்றது. அணைக்காமல் விட்ட வாசல் விளக்கு என்னுடைய ஒரு கதையில் போயிருந்தது. அவன் விட்டுப்போன செருப்பு இன்னொன்றில். என்னிடமிருந்தே நான் திருடித் தின்றிருக்கிறேன், பதினைந்து வருஷமாக, தெரியாமலே! அன்று இரவு அம்மா சொன்ன ஒரு வாக்கியத்தை மட்டும் எங்கேயும் வைக்கவில்லை. கட்டைத் திரும்பப் பரணிலேயே ஏற்றிவிட்டேன். அது என்ன வாக்கியம் என்று அடுத்த கடிதத்தில் கேட்டுவிடாதீர்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்றீர்களே, மறந்தே போனேன். ‘ஒயிட் லைன்’ பாட்டை இரண்டு தடவை கேளுங்கள். முதலில் 1990இல் வந்தது. அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு, ‘தி பேண்ட்’ குழுவின் ராபி ராபர்ட்சனும் நீல் யங்கும் இரண்டே கிதார்களோடு 1974இல் வாசித்த ‘ஹோம்க்ரோன்’ பதிவு.