மருந்துத் துண்டில் இருக்கும் பெயர்

கேள்வி: வெள்ளவத்தையில் டொக்டரைச் சனல் பண்ணிக் காத்திருந்தபோது, மருந்துக் கம்பனிகளின் டை கட்டிய மெடிக்கல் ரெப் இரண்டு பேர் எனக்கு முன்னால் உள்ளே போய் வந்தார்கள். டொக்டர் எழுதிய கொலஸ்ட்ரோல் குளிசை விலை கூடியது. காசு வாங்கிக்கொண்டா எழுதுகிறார்?

பதில்: அப்படிச் சொல்ல மாட்டேன். பெரும்பாலும் நடப்பது அதைவிட மெதுவான வேலை. குளிசையின் பெயர் போட்ட பேனை, மேசைக் கலண்டர், மத்தியானச் சாப்பாடு என்று பெயர் பழகிப்போகிறது. அவசரத்தில் கை அதையே எழுதும். கம்பனிகள் வைத்தியர்களுக்குக் கொடுப்பதைப் பகிரங்கப்படுத்த அமெரிக்காவில் 2010இல் சட்டம் வந்தது. அந்தத் தரவை வைத்து 2016இல் வெளியான ஆய்வில், 20 டொலருக்கும் குறைந்த ஒரு நேரச் சாப்பாட்டை ஏற்றவர்கள்கூட அந்தக் கம்பனியின் மருந்தைக் கூடுதலாக எழுதியிருந்தார்கள். அதில் ஒன்று கொலஸ்ட்ரோல் மருந்துதான். சாப்பாடுதான் காரணம் என்று ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆனால் கம்பனிகள் சும்மா செலவழிப்பதில்லையே.

இதை நம் இலங்கை முன்பே கண்டது. பேராசிரியர் சேனக பிபிலே 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரானதும், மருந்தைக் கம்பனி வைத்த பெயரில் அல்லாமல், அதன் பொதுப் பெயரான ஜெனரிக் பெயரில் எழுதவும் மொத்தமாகக் கொள்வனவு செய்யவும் வழி செய்தார். நான் பாமசியில் நிற்பவன். ஒரு மாதத் துண்டை நீட்டி, கைக்குட்டையில் முடிந்த நோட்டை எண்ணிப் பார்த்துவிட்டு, “பத்து நாளைக்கு மட்டும் தாங்க தம்பி” என்று கேட்கும் அம்மாமாரைக் காணும்போதெல்லாம் அவரை நினைப்பேன். மிச்ச இருபது நாளும் அந்த அம்மாவுக்கு மருந்தில்லை.

டொக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: “இதன் ஜெனரிக் பெயர் என்ன? அது எனக்குச் சரிவருமா?” பிறகு அரச பாமசியான ஒசுசலவில் விலை பாருங்கள்.

கேள்வி: வயது 44. இரத்தச் சீனியின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.0. சீனிக் குளிசையான மெட்ஃபோமின் வேண்டாம், நடந்தே குறைக்கலாமா? (கொட்டாஞ்சேனை)

பதில்: நல்ல கேள்வி, நல்ல நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். இது சீனி வருத்தத்துக்கு முந்திய கட்டம். இந்தக் கட்டத்தில் இருந்த 3,000க்கும் மேற்பட்டோரை வைத்து அமெரிக்காவில் நடத்திய ஆய்வு 2002இல் வெளியானது. வாரத்துக்கு 150 நிமிடம் நடந்து, உடல் நிறையில் 7 வீதம் குறைப்பதை இலக்காகக் கொண்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 58 வீதம் குறைந்தது. மெட்ஃபோமின் எடுத்தவர்களுக்கு 31 வீதம். கர்ப்பகாலத்தில் சீனி கூடியிருந்த பெண்களுக்கும் மிகப் பருமனானவர்களுக்கும் 25 முதல் 44 வயது வரையானவர்களுக்கும் குளிசையும் நன்றாகவே உதவியது. உங்கள் வயதும் அதில் சேர்வதால், குளிசை தேவையா என்று டொக்டரிடம் கேட்டுவிட்டு காலிமுகத்திடலில் நடக்கத் தொடங்குங்கள். கொத்து ரொட்டியையும் பால் தேத்தண்ணீர்ச் சீனியையும் குறைத்து, மூன்று மாதத்தில் மறுபடி இரத்தம் பாருங்கள்.

கேள்வி: அம்மா ஏழு வருடமாக நித்திரைக் குளிசை எடுக்கிறார். நிறுத்திவிடவா?

பதில்: ஒரேயடியாக வேண்டவே வேண்டாம்! சில வகைகளைத் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்புக்கூட வரலாம். டொக்டர் சொல்லும் அளவில் வாரக்கணக்கில் குறைக்க வேண்டும். கூடவே நித்திரைக்கான நடத்தைச் சிகிச்சை பற்றிக் கேளுங்கள். நீடித்த நித்திரையின்மைக்கு முதலில் தர வேண்டியது அதுதான் என்று அமெரிக்க வைத்தியர் சங்கமொன்று 2016இல் பரிந்துரைத்தது. பகல் தூக்கத்தைக் குறைப்பது, நித்திரை வந்தால் மட்டும் படுக்கைக்குப் போவது, தினமும் ஒரே நேரத்தில் எழுவது எல்லாம் அதில் அடங்கும்.

கேள்வி: பிரஷர் குளிசைக்குப் பதில் மூலிகைக் கெப்சூல் போதுமா?

பதில்: போதாது. அதை விற்பதும் கம்பனிதான், அதற்கும் ஏஜென்ட் உண்டு. போத்தலையும் கிளினிக் கொப்பியையும் ஒன்றாகக் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டுங்கள்.