மீட்டரை விடுங்கள், ஃபுட்ரெஸ்ட் ரப்பரைப் பாருங்கள்

கேள்வி: 6 வருடப் பழைய 150 சிசி பைக் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. மீட்டரில் 11,000 கிலோமீட்டர்தான் காட்டுகிறது. ஒரே ஓனர், என்ஜினில் யாரும் கையே வைக்கவில்லை என்கிறார் புரோக்கர். ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார், சத்தம் நன்றாகத்தான் இருந்தது. எனக்கு மெக்கானிக் வேலை எதுவும் தெரியாது. நம்பி வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வண்டி மோசம் என்று சொல்லவில்லை. நீங்கள் சொன்ன நான்கு விஷயத்தில் மூன்று புரோக்கர் வாயிலிருந்தும் மீட்டரிலிருந்தும் வந்தவை, நான்காவது அவரே சூடு பண்ணி வைத்த என்ஜினின் சத்தமாக இருக்கலாம், அதனால்தான் சொல்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 6 வருடத்தில் 11,000 என்றால் ஒரு நாளைக்கு 5 கிலோமீட்டர். நடக்காத காரியம் இல்லை. ஆனால் பழைய வண்டியில் மாற்றுவதற்குச் சுலபமான பொருள் மீட்டரில் இருக்கும் அந்த எண்தான். டிஜிட்டல் மீட்டரைத் திருப்ப முடியாது என்று நிறைய பேர் நம்புகிறார்கள், அது தப்பு. அந்த எண் உள்ளே ஒரு சிப்பில் கிடக்கிறது, அதற்கான கருவி வைத்திருப்பவர் உட்கார்ந்த இடத்திலேயே வேறு எண்ணை எழுதிவிடுவார். கேபிள் போட்ட பழைய மீட்டர் என்றால் கேபிளைக் கழற்றி விட்டாலே போதும், வண்டி ஓடும், மீட்டர் நிற்கும்.

ஆகவே யாரும் திருப்ப மெனக்கெடாத இடங்களைப் பாருங்கள். ஓட்டுபவரின் ஃபுட்ரெஸ்ட் ரப்பர், கியர் லிவர் நுனி ரப்பர், பின் பிரேக் பெடலில் ஷூ படும் இடம். 11,000 கிலோமீட்டரில் ஃபுட்ரெஸ்ட் ரப்பரின் கோடுகள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். வழவழவென்று மழுங்கி, வெளி ஓரம் தேய்ந்து உள்ளே இருக்கும் இரும்பு எட்டிப் பார்த்தால் அந்த மீட்டர் பொய். பெடலில் வெட்டியிருக்கும் பற்கள் தேய்ந்து பளபளத்தாலும் அதே கதைதான். ரப்பர் மட்டும் புத்தம் புதுசு, பக்கத்து இரும்பெல்லாம் பழசு என்றால் ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள், பதிலைவிட பதில் வரும் வேகத்தைக் கவனியுங்கள்.

அடுத்தது டயர். பக்கவாட்டில் டிஓடி (DOT) என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்று இருந்தால் 2021-ம் வருடம் 23-வது வாரம் செய்த டயர். ஒரு பக்கம் முழு வரிசை இல்லாவிட்டால் மறுபக்கம் பாருங்கள். டயர் வருடம் வண்டி வாங்கிய வருடத்துக்குப் பிந்தியது என்றால் டயர் மாற்றியிருக்கிறார்கள். மாற்றிய டயரும் பாதி தேய்ந்திருக்கிறது என்றால் 11,000-ஐ மறந்துவிடுங்கள். அப்புறம் செயின். பின் ஸ்ப்ராக்கெட்டின் (செயின் ஓடும் பல் சக்கரம்) பின்பக்க நடுவில் செயினைப் பிடித்து வெளியே இழுங்கள். பல் பாதி தெரியும் அளவுக்கு விலகினால் செயின் செட் முடிந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நீட்டியே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் வண்டி இந்த வகையாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. மீட்டர் நிஜமாகவே உண்மை சொல்லலாம், வண்டியும் நிஜமாகவே ஓடாமல் நின்றிருக்கலாம். ஃபுட்ரெஸ்ட் ரப்பர் புதுசு மாதிரி, டயர் கம்பெனியில் போட்டது, டயர் பட்டன் (தரையில் படும் மேடுகள்) நன்றாக இருக்கிறது, ஆனால் டயரின் பக்கவாட்டில் மெல்லிய வெடிப்பு ஓடுகிறது என்றால் அது நின்ற வண்டி. பெரும்பாலோர் இதைப் பார்த்ததும் அதிர்ஷ்டம் அடித்தது என்று நினைக்கிறார்கள். நின்ற வண்டிக்கு வேறு நோய்கள் வரும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அதனால்தான் ஓடினாலும் ஓடாவிட்டாலும் 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள் தயாரிப்பாளர்கள். கார்புரேட்டர் வண்டி என்றால் பெட்ரோல் ஆவியாகி உள்ளே பிசின் மாதிரி படிந்து, பெட்ரோல் போகும் சிறு துளையான ஜெட்டை அடைக்கும். டேங்க் காலியாக நின்றிருந்தால் உள்ளே துரு பிடிக்கும், மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள், போன் டார்ச் போதும். முன் ஃபோர்க்கை நாலைந்து முறை நன்றாக அழுத்தி விட்டு, அந்தப் பளபள குழாயில் எண்ணெய் வளையம் தெரிகிறதா பாருங்கள், தெரிந்தால் ஆயில் சீல் போய்விட்டது. பேட்டரி எப்படியும் புதுசு வேண்டியிருக்கும். இவ்வளவும் சரிசெய்யக்கூடியவைதான், நின்ற வண்டியை வாங்கவே கூடாது என்று சொல்லமாட்டேன். ஆனால் "கம்மியா ஓடின வண்டி" என்று கூடுதல் விலை கேட்டால் அதைக் கொடுக்காதீர்கள். இந்தச் செலவையெல்லாம் விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

என்ஜினுக்கு ஒரே ஒரு நிபந்தனை: ஆறிப்போன என்ஜினை நீங்கள் ஸ்டார்ட் செய்ய வேண்டும். போனதும் உள்ளங்கையை என்ஜின் பக்கம் கொண்டு போங்கள், சூடு தெரிந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள். ஸ்டார்ட் ஆக அடம் பிடிப்பது, ராத்திரி முழுக்க நின்றபின் முதலில் வரும் நீலப் புகை, என்ஜினுக்குள் ஓடும் டைமிங் செயினின் கடகட சத்தம், இதெல்லாம் சூடான என்ஜினில் பெரும்பாலும் மறைந்துவிடும். போதாக்குறைக்கு கெட்டியான ஆயில் ஊற்றிச் சத்தத்தை அமுக்குபவர்களும் இருக்கிறார்கள். குளிர்ந்த நேரத்தில் வெள்ளையாக வந்து சில நிமிடத்தில் நிற்பது வெறும் நீராவி, பயப்படாதீர்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, என்ஜினைப் பிரிக்காமல் தீராது. கை வைக்கவில்லை என்ற பேச்சையும் சோதித்துவிடலாம். என்ஜின் போல்ட் தலைகளில் பெயின்ட் பெயர்ந்து மூலை மழுங்கியிருந்தால், மூடிகள் சேரும் இடத்தில் பசை பிதுங்கியிருந்தால், ஏற்கனவே பிரித்திருக்கிறார்கள். பளபளவென்று கழுவி வைத்த என்ஜினில் ஆயில் கசிவு தெரியாது, 10 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து அடியில் குனிந்து பாருங்கள்.

விழுந்த வண்டியா என்று தெரிய, ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். அது மோதி நிற்கும் இரும்பு நசுங்கியிருந்தால் பலமான அடி வாங்கிய வண்டி, வேண்டாம்.

புரோக்கரே ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்து "இவர் சொன்னா சரியா இருக்கும்" என்றால் அவருக்கும் அதில் கமிஷன் உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் செலவில் உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். இன்னொரு பார்ட்டி சாயந்திரம் வருகிறார் என்று அவசரப்படுத்தினால் அந்தப் பார்ட்டிக்கே விட்டுவிடுங்கள். "ஒரே ஓனர்" என்பதும் தாளில் மட்டும் இருக்கலாம், பெயர் மாற்றாமலே மூன்று கை மாறிய வண்டிகள் சர்வ சாதாரணம். பதிவுச் சான்றில் இருப்பவரிடம் நேரில் பேசாமல் பணம் எடுக்காதீர்கள். சேசிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் வண்டியில் பொறித்திருக்கும் இடத்திலேயே வைத்து ஒப்பிடுங்கள், போட்டோவில் வேண்டாம்.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதுதான். ஒவ்வொரு சர்வீஸிலும் ஒருவர் மீட்டர் அளவைக் குறித்துக்கொள்கிறார், அது அந்தக் கடைக் கம்ப்யூட்டரிலேயே கிடக்கிறது. பிரிட்டனில் எம்ஓடி என்ற வருடாந்தர வண்டித் தகுதிச் சோதனையில் பதிவாகும் அளவை வண்டி எண்ணைப் போட்டு யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். இது ராக்கெட் வித்தை இல்லை, எல்லா ஊரிலும் செய்யலாம். செய்யாததால் வாங்குபவர் குனிந்து ரப்பரைத் தடவ வேண்டியிருக்கிறது. ஓனரிடம் சர்வீஸ் பில் இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய பில் ஒன்று கிடைத்தால் போதும், அதில் தேதியோடு கிலோமீட்டரும் எழுதியிருக்கும். அந்த அளவு 11,000-ஐத் தாண்டியிருந்தால் டெஸ்ட் டிரைவ்கூடத் தேவையில்லை.